போல் ரோப்சன்: பட்டியலில் இல்லாத பதினோராவது ஆட்டக்காரர்

நியூ ஜேர்சியில் குடியேறிய எம்மவர்களுக்கு இந்த மாநிலம் என்றதும் நெடுஞ்சாலைகளும் மருந்து நிறுவனங்களும் கோயில்களும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டம் பிறந்ததும் இங்கேதான் என்பது பலருக்குத் தெரியாது. 1869 நவம்பர் 6 ஆம் திகதி நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதின. ரட்கர்ஸ் 6 - 4 என வென்றது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான முதலாவது உதைபந்தாட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கிட்டக்கிட்ட இருக்கும் இரண்டு ஊர்கள், இரண்டு கல்லூரிகள், தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த போட்டி. வடக்கின் பெரும் போரில் சென். ஜோன்ஸுக்கும் மத்திய கல்லூரிக்கும் நடுவே நின்று கத்தி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த இரண்டு ஊர்களுக்கும் சொந்தமான ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. பிரின்ஸ்டனில் பிறந்தார், ரட்கர்ஸுக்கு ஆடினார். பெயர் போல் ரோப்சன். உலகம் அவரைப் பாடகராகவும் நடிகராகவும் அறியும். எங்கள் பெற்றோர் தலைமுறையில் இடதுசாரிகளோடு பழகியவர்கள் அவருடைய பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆனால் பாட்டுக்கு முன்னர் ஆட்டம் இருந்தது. மைதானத்தில் அவருக்கு நடந்ததுதான் முப்பது ஆண்டுகள் கழித்து நாட்டிலும் நடந்தது. ஆகவே நாம் ஆட்டத்திலிருந்து அவரைப் பார்க்க விரும்புகிறோம்.

அடிமையாகப் பிறந்தவரின் மகன்

தந்தை வில்லியம் ட்ரூ ரோப்சன் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். 1860 இல், பதினைந்து வயதில், தோட்டத்திலிருந்து தப்பி வடக்கே ஓடினார். உடைமை எதுவும் இல்லை, எழுத்தறிவும் இல்லை. பின்னர் பென்சில்வேனியாவில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்து, போதகராகி, பிரின்ஸ்டனில் விதர்ஸ்பூன் தெருத் தேவாலயத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1898 ஏப்ரல் 9 ஆம் திகதி அவருடைய கடைசிப் பிள்ளையாகப் போல் பிறந்தார்.

அன்றைய பிரின்ஸ்டன் வட மாநிலத்தில் இருந்தாலும் குணத்தில் தெற்கத்திய ஊர். தெற்கின் செல்வந்தர்களுடைய பிள்ளைகள் படிக்கும் இடம். கறுப்பின மக்கள் அங்கே சமையலறையிலும் குதிரை லாயத்திலும் வேலை செய்யலாம், பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாது. 1901 இல் தேவாலய மேலிடத்தோடு ஏற்பட்ட பிணக்கில் தந்தை பதவி இழந்தார். அதன் பிறகு குதிரை வண்டியில் வீடு வீடாகச் சாம்பல் அள்ளினார். போதகராக மதிக்கப்பட்டவர் அதே ஊரில், அதே மனிதர்களின் கண்முன்னே, சாம்பல் வண்டி ஓட்டினார். ஊரில் அதிபராகவும் பொறியியலாளராகவும் இருந்துவிட்டு இங்கே வந்து எண்ணெய் நிலையத்தில் இரவு வேலை செய்தவர்களை நாம் அறிவோம். அந்தத் தந்தையின் முகம் எமக்குப் புதியதல்ல.

1904 இல் தாய் மரியா லூயிசா அடுப்புத் தீயில் காயப்பட்டு இறந்தார். ஆசிரியையாக இருந்தவர். போலுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. தந்தையும் பிள்ளைகளும் முதலில் வெஸ்ட்ஃபீல்டுக்கும், 1910 இல் சோமர்வில் நகருக்கும் இடம்பெயர்ந்தனர். அங்கே தந்தைக்கு மீண்டும் ஒரு தேவாலயம் கிடைத்தது. நல்ல புள்ளி எடுத்துவந்தாலும் முழுப் புள்ளி ஏன் இல்லை என்று கேட்கும் தகப்பன் அவர்.

சோமர்வில் உயர்நிலைப் பள்ளியில் வெள்ளையின மாணவர்களே பெரும்பான்மை. ரட்கர்ஸ் கல்லூரி மாநிலம் முழுவதற்கும் ஒரு போட்டிப் பரீட்சை வைத்து, நான்காண்டுப் புலமைப்பரிசில் கொடுத்து வந்தது. மற்ற மாணவர்கள் முன்னைய ஆண்டிலேயே அதில் ஒரு பகுதியை எழுதி முடித்திருந்தார்கள். போலுக்கு அப்படியொரு பரீட்சை இருப்பதே காலம் கடந்துதான் தெரிந்தது. நான்கு ஆண்டுப் பாடத்தையும் ஒரே அமர்வில் எழுதி வென்றார். தரப்படுத்தலுக்குப் பிறகு பரீட்சை எழுதிய எமது தலைமுறைக்கு, ஒரு விடைத்தாள் பெயரையும் இனத்தையும் பாராமல் திருத்தப்படுவது எவ்வளவு பெரிய விடயம் என்பது தெரியும். 1915 இல் அவர் ரட்கர்ஸில் சேர்ந்தார். 1766 இல் தொடங்கிய அக்கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது கறுப்பின மாணவர் அவர். அப்போது அங்கே படித்தவர்களில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர்.

மூக்கு உடைந்த பயிற்சி

அமெரிக்க உதைபந்தாட்டம் உடலோடு உடல் மோதும் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எதிரணி விழுத்தி மறிக்கும். அன்று தலைக்கவசம் பெயருக்குத்தான். ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் கொண்ட போல் அணித் தேர்வுக்குப் போனார். எதிரணியோடு மோதுவதற்கு முன்னர் அவர் தன் சொந்த அணியோடு மோத வேண்டியிருந்தது. கறுப்பினத்தவரோடு சேர்ந்து ஆட விரும்பாதவர்கள் முதல் பயிற்சியிலேயே அவருடைய மூக்கை உடைத்தார்கள். தோள்மூட்டும் விலகியது.

படுக்கையில் கிடந்தபோது விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தது. ஆனால் தந்தை முன்பே ஒன்றைச் சொல்லி வளர்த்திருந்தார். மைதானத்தில் அவர் தனக்காக மட்டும் நிற்கவில்லை. விளையாட ஆசைப்படும், படிக்க ஆசைப்படும் கறுப்பினப் பிள்ளைகள் எல்லோருக்காகவும் நிற்கிறார். ஆகவே அடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும், திருப்பி அடிக்கக் கூடாது. போல் திரும்பிப் போனார். இம்முறை ஒருவர் ஆணிச் சப்பாத்தோடு அவருடைய கையை மிதித்தார், நகங்கள் பெயர்ந்தன. அடுத்த ஓட்டத்தில் போல் எதிர்ப்பட்டவர்களை விலக்கிக்கொண்டு போய், பந்து வைத்திருந்தவரைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். நிலத்தில் அடிக்கப் போகிறார் என்று கண்ட பயிற்சியாளர் ஜோர்ஜ் ஃபொஸ்டர் சான்ஃபோர்ட், அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். அதன் பின் அந்த அணிக்குள் யாரும் அவரைத் தொடவில்லை. நாளடைவில் அவரைப் பெருமையாகவும் கொண்டாடினார்கள்.

வெளியே இருத்தப்பட்ட ஆட்டம்

எமது பிள்ளைகள் அறிய வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். 1916 ஒக்டோபரில் ரட்கர்ஸ் தன் 150 ஆவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. விழா ஆட்டத்துக்கு வர்ஜீனியாவிலிருந்து வொஷிங்டன் அன்ட் லீ அணி வந்திருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் களத்தில் இருந்தால் தாங்கள் ஆட மாட்டோம் என்றார்கள். பழைய மாணவர்கள், பிரமுகர்கள் எல்லோரும் வந்து நிறைந்திருந்த நாள். ஆட்டம் நின்றால் விழா கெட்டுவிடும். ரட்கர்ஸ் தன் சிறந்த ஆட்டக்காரரை வெளியே இருத்தியது. ஆட்டம் 13 - 13 என்று சமனில் முடிந்தது.

அவரை வெறுத்தவர்கள் எடுத்த முடிவல்ல இது. அவரை அணியில் ஏற்றுக்கொண்டவர்கள், கைதட்டியவர்கள், அவருடைய தோளில் கை போட்டவர்கள் எடுத்த முடிவு. அவர்களுக்கு அவர்மீது கோபம் எதுவும் இல்லை. விழா நடக்க வேண்டும் என்பதே அவர்கள் கவலை. பின்னர் வெஸ்ட் வர்ஜீனியா அணி அதே கோரிக்கையோடு வந்தபோது சான்ஃபோர்ட் மறுத்துவிட்டார். ரோப்சன் ஆடினார், எதிரணியும் ஆடியது. உறுதியாக மறுத்திருந்தால் முதல் முறையும் அப்படி முடிந்திருக்கலாம்.

1917 நவம்பர் 24 ஆம் திகதி, அந்தப் பருவத்தின் மிகப் பெரிய ஆட்டம் புரூக்ளின் எபெட்ஸ் மைதானத்தில் நடந்தது. முதலாம் உலகப் போர்க் காலம். நியூபோர்ட் கடற்படை ஒதுக்குப் படையின் அணியில் அமெரிக்காவின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பலர் சேர்ந்திருந்தார்கள். அதுவரை தோல்வி காணாத அணி. நியூ ஜேர்சியின் ஒரு சிறிய கல்லூரி அதை 14 - 0 என்று வீழ்த்தியது. மறுநாள் பத்திரிகைகள் ரோப்சனைப் பற்றியே எழுதின. 1918 இல் வோல்டர் காம்ப் தெரிந்தெடுத்த அகில அமெரிக்க அணியின் முதல் பதினொருவரில் அவருக்கு இடம் கிடைத்தது. உதைபந்தாட்டம் மட்டுமல்ல, கூடைப்பந்து, பேஸ்போல், தடகளம் என்று நான்கு துறைகளில் கல்லூரிக்காக ஆடினார். ஆனால் கல்லூரியின் நடன விருந்துகளில் அவருக்கு இடமில்லை.

1918 மே மாதம் தந்தை இறந்தார். சில நாட்களில் பேச்சுப் போட்டி. தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக மேடை ஏறிப் பேசி, முதலிடம் பெற்றார். 1919 இல் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு விழா உரையை ஆற்றியவரும் அவரே.

மைதானத்திலிருந்து மேடைக்கு

பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். செலவுக்காக 1921 இல் அக்ரன் அணிக்கும் 1922 இல் மில்வோக்கி அணிக்கும் தொழில்முறையாக ஆடினார். 1921 இல் எஸ்லாண்டா கூட் என்பவரைக் கரம் பிடித்தார். சட்டத்தரணியாக ஓர் அலுவலகத்தில் சேர்ந்தபோது, கறுப்பினத்தவர் சொல்லத் தான் எழுத முடியாது என்று சுருக்கெழுத்தாளர் மறுத்தார். அத்தோடு அவர் சட்டத்துறையை விட்டார்.

அதன் பிறகு வந்த புகழ் பலரும் அறிந்தது, சுருக்கமாகவே சொல்கிறோம். 1925 இல் நியூயோர்க்கில் தன் மக்களின் ஆன்மீகப் பாடல்களை மட்டுமே பாடி ஒரு முழுக் கச்சேரி செய்தார். 1928 இல் லண்டனில் ஷோ போட் நாடகம், 1930 இல் அங்கேயே ஒதெல்லோ. 1943 இல் பிரோட்வேயில் ஒதெல்லோவாக நடித்த நாடகம் 296 காட்சிகள் ஓடியது. லண்டனில் வாழ்ந்த காலத்தில் ஆபிரிக்க மொழிகளைப் படித்தார், வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரோடு நட்பானார், இந்திய விடுதலைக்காகக் குரல் கொடுத்தார், நேருவோடு பழகினார். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடினார். எந்த மக்களிடம் போனாலும் அவர்களுடைய மொழியில் ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்பது அவர் கொள்கை.

விளையாட்டை அவர் மறக்கவில்லை. 1943 டிசம்பரில் பேஸ்போல் நிர்வாகத் தலைமையை நேரில் சந்தித்து, கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். 1947 இல் ஜக்கி ரொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியில் களமிறங்கினார். அந்த அணியின் மைதானம் எபெட்ஸ். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ரோப்சன் கடற்படை அணியை வீழ்த்திய அதே மண்.

பறிக்கப்பட்ட கடவுச்சீட்டு

1949 இல் பாரிஸில் நடந்த சமாதான மாநாட்டில் ரோப்சன் பேசியது திரிக்கப்பட்டு, அவர் நாட்டுக்கு விரோதி என்ற செய்தியாக அமெரிக்கா முழுவதும் பரவியது. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நாடாளுமன்றக் குழு அழைத்தவர்களில் ஒருவர் ஜக்கி ரொபின்சன். அவரும் போய்ச் சாட்சி சொன்னார். பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில், ரோப்சன் மீது தன் மதிப்பு வளர்ந்துவிட்டதாக அவரே பதிந்திருக்கிறார். அதே ஆண்டு நியூயோர்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் நகருக்கு அருகே ரோப்சனின் கச்சேரிக்கு வந்தவர்கள் கல்லால் தாக்கப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

1950 இல் வெளியுறவுத் திணைக்களம் அவருடைய கடவுச்சீட்டை இரத்துச் செய்தது. தான் கம்யூனிஸ்ட் அல்ல என்று எழுதிக் கையொப்பமிட்டால் திருப்பித் தரலாம் என்றார்கள். அரசியல் கருத்தைக் கேட்கும் உரிமை அரசுக்கு இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். உள்நாட்டில் மண்டபங்கள் மூடப்பட்டன, வெளிநாட்டுக்குப் போக வழியில்லை. 1947 இல் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டிய ஆண்டு வருமானம் சில ஆண்டுகளில் சில ஆயிரமாகச் சுருங்கியது. வேறெவரும் அவருக்கு விதித்த தண்டனை அல்ல அது. தான் பிறந்த நாட்டுக்குள்ளேயே சிறைவைக்கப்பட்டார்.

கடவுச்சீட்டு என்ற சிறிய புத்தகத்தின் கனம் எமக்குத் தெரியும். புதுப்பிக்க முடியாமல் காலாவதியான கடவுச்சீட்டோடும், அகதிப் பயணப் பத்திரத்தோடும், தாயின் இறுதிக் கிரியைக்குப் போக முடியாமலும் இருந்த குடும்பங்கள் எங்களுடையவை. எமக்கு நாடு வேண்டாம் என்றது, ஆகவே வெளியே வந்தோம். அவரை நாடு வெளியே போக விடவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. 1952 மே மாதம் கனடிய எல்லையில், வொஷிங்டன் மாநிலத்தின் பிளேன் நகரில், அமெரிக்க மண்ணில் நிறுத்திய லொறியின் மேல் நின்று பாடினார். எல்லைக்கு அப்பால் கனடாவில் ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டார்கள். 1957 இல் அத்திலாந்திக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயோர்க்கிலிருந்து லண்டன் மண்டபத்துக்கும், பின்னர் வேல்ஸ் தொழிலாளரின் விழாவுக்கும் பாடினார். 1958 இல் அவருடைய 60 ஆவது பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாட நேரு ஆதரவு கொடுத்தார். அமெரிக்க அதிகாரிகள் அதைத் தடுக்க முயன்றும் விழா நடந்தது. அதே ஆண்டு யூன் 16 ஆம் திகதி, ஓவியர் ரொக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில், கருத்தைக் காரணம் காட்டிக் கடவுச்சீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ரோப்சனின் கையிலும் கடவுச்சீட்டு வந்தது.

பேரேட்டின் மறுபக்கம்

கணக்கெழுதிப் பிழைப்பவர்கள் நாம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிப் பேரேட்டை மூட முடியாது. சோவியத் ஒன்றியத்தில் தன்னை மனிதனாக நடத்தினார்கள் என்பதற்காக ரோப்சன் அந்த நாட்டை நேசித்தார். அந்த நேசம் அவரைப் பேசாமல் இருக்க வைத்தது. 1949 இல் மொஸ்கோவில் யூதக் கவிஞர் இட்சிக் ஃபெஃபரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவர் சிறையிலிருந்து கூட்டிவரப்பட்டார். ஒட்டுக்கேட்கும் கருவிக்குப் பயந்து சைகையால் தன் நிலையைச் சொன்னார். மொஸ்கோக் கச்சேரியில் ரோப்சன் யித்திஷ் மொழியில் யூதப் போராளிகளின் பாடலைப் பாடினார். அது துணிச்சல்தான். ஆனால் அமெரிக்கா திரும்பியதும், அங்கே யூதருக்கு எதிராக எதுவும் நடக்கவில்லை என்றார். 1952 இல் ஃபெஃபர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஸ்டாலின் சமாதானப் பரிசை ரோப்சன் ஏற்றுக்கொண்டார்.

தன்னை விழாவுக்காக வெளியே இருத்தியவர்களை அவர் அறிந்திருந்தார். தான் நேசித்த அணி இன்னொருவரை வெளியே இருத்தியபோது, அணி கெட்டுவிடக் கூடாது என்று பேசாமல் இருந்தார். எதிரிக்கு வாய்ப்பாகிவிடும் என்று சொல்லி எம்மவர் செய்த தவறுகளைப் பேசாமல் விட்ட காலங்கள் எமக்கும் உண்டு. ஆகவே அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உரிமை எமக்கு இருப்பதாக நினைக்கவில்லை. மறைக்கவும் விரும்பவில்லை.

கடைசி ஆண்டுகள்

கடவுச்சீட்டு கிடைத்த பின் 1960 இல் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார். நவம்பர் 9 ஆம் திகதி, பாதி கட்டி நின்ற சிட்னி ஒப்பரா மாளிகையில் சாரத்தில் ஏறியிருந்த தொழிலாளர்களுக்குப் பாடினார். அந்த மேடையில் முதலில் பாடியவர் என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அங்குள்ள பூர்வகுடிகளின் நிலையைக் காட்டும் ஒரு படத்தைச் செயற்பாட்டாளர் ஃபெயித் பாண்ட்லர் அவருக்குக் காட்டினார். பார்த்து ஆத்திரமடைந்த அவர், திரும்பி வந்து அவர்களோடு நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற உடல் இடம் கொடுக்கவில்லை. 1961 இல் மொஸ்கோவில் மனமும் உடலும் முறிந்தன. 1963 இல் அமெரிக்கா திரும்பினார். பின்னர் பிலடெல்பியாவில் சகோதரி மரியனின் வீட்டில், வெளியுலகை விட்டு ஒதுங்கி வாழ்ந்து, 1976 ஜனவரி 23 ஆம் திகதி இறந்தார்.

அவர் ஒதுக்கப்பட்ட காலத்தில் வெளிவந்த ஒரு கல்லூரி உதைபந்தாட்ட வரலாற்று நூலில், 1918 ஆம் ஆண்டின் அகில அமெரிக்க அணிக்குப் பத்துப் பெயர்கள் மட்டுமே அச்சாகின. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் பத்துப் பெயர். கூட்டல் தெரிந்த எவருக்கும் ஒரு வரி அழிக்கப்பட்டிருப்பது தெரியும். கல்லூரி உதைபந்தாட்டப் புகழ் மண்டபம் 1951 இல் தன் முதல் தொகுதி ஆட்டக்காரர்களைச் சேர்த்தது. ரோப்சனைச் சேர்த்தது 1995 இல், அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அவருடைய முகம் பொறித்த அஞ்சல் தலை 2004 இல் வந்தது.

எமது பிள்ளைகள் இன்று இந்த மாநிலத்தின் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள், மாநிலப் போட்டிகள் வரை போகிறார்கள். இது எங்கட நாடில்லை, வாயைத் திறக்காமல் படி, ஆடு, முன்னுக்கு வா என்றுதான் நாம் அவர்களுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ரோப்சனின் தந்தையும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார், மகனும் கேட்டார். முதலிடத்துக்கு வந்த பிறகு வாயைத் திறந்தார். அதற்குக் கொடுத்த விலை அவருடைய வருமானம், பயணம், உடல்நலம், பட்டியலில் இருந்த பெயர். பேசு என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் இந்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேசாதே என்று சொல்பவர்கள், 1916 இல் அந்த விழா நாளில் அவர் பேசாமல்தான் வெளியே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் பிறந்த வீடு பிரின்ஸ்டன் விதர்ஸ்பூன் தெருவில் இன்னும் நிற்கிறது. அருகிலேயே அவருடைய பெயரில் ஒரு தெருவும் இருக்கிறது. நியூ ஜேர்சியில் வாழும் குடும்பங்களுக்கு அது அதிக தூரமில்லை. பல்கலைக்கழகத்தைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோர், அந்தத் தெரு வழியாகவும் ஒருமுறை நடந்துவிட்டு வரலாம்.